மூட்டையின் வயிறு

பெரியவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கிடங்குக்கு யார் வந்தாலும் தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "இது இருக்கிறப்ப எனக்கு எதுக்குங்க மெஷின்?" என்பார். வந்தவர் சிரிப்பார். தம்பியாகிய சின்னவரும் சிரிப்பார். வாசலோரம் கோணி விரித்து உட்கார்ந்து, கிழிந்த மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருக்கும் சின்னவரின் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். சணலை இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுப்பாள்.

சுமை தூக்குகிறவர்கள் அவளுக்கு 'ஊசி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கையில் இருப்பது பாதிக் காரணம், வாயில் இருப்பது மீதிக் காரணம். அவள் காதுபடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபித்துக்கொண்டதில்லை.

சின்னவரின் அந்த முதுகுதான் மழை பிடித்த வாரத்தில் போயிற்று. லாரியிலிருந்து தரைக்குச் சாய்த்துப் போட்ட பலகை ஈரத்தில் வழுக்கியது. சர்க்கரை மூட்டையைக் கீழே போட்டிருந்தால் சின்னவர் தப்பித்திருப்பார். மூட்டை நனைந்துவிடுமே என்று பிடித்துக்கொண்டு உடம்பை முறுக்கினார். மூட்டை நனையவில்லை. அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டிச் சொன்னது ஊசிக்கு மனப்பாடம். இனி மூட்டை முதுகில் ஏறினால் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்து பார்க்கிற வேலையும் ஆகாது. நிற்கலாம், நடக்கலாம், படுக்கலாம்.

முன்னறையில் தரையில் பலகை போட்டு அதன்மேல் படுத்திருந்தார் சின்னவர். ஜன்னலுக்கு வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. ஊசி சோற்றுத் தட்டை அவர் கைக்கு எட்டும்படி உயரமான முக்காலி ஒன்றில் வைத்தாள். அவர் மெல்ல எழுந்தார்; நின்றுகொண்டே சாப்பிடப் பழகியிருந்தார்.

"மழை விடட்டும். போயிடுவேன்," என்றார், முட்டையைப் பிய்த்துக்கொண்டே.

"எங்க?"

"எங்கன்னா? கிடங்குக்குத்தான். நாலே பேருதான் இருக்காங்க. அதுல ரெண்டு பேருக்கு மூட்டு வலி. புதுசா மாவு மில்காரங்க லோடு வந்தா யாரு இறக்குவா?"

"நீங்க இறக்க மாட்டீங்க."

"டாக்டர் சும்மா பயமுறுத்துறாருன்னு அண்ணன் சொல்றாரு."

"படத்துல இருந்தது உங்க முதுகா, உங்க அண்ணன் முதுகா?"

சின்னவர் சோற்றைப் பிசைந்தார். ஊசி அவரையே பார்த்தாள். ஆள் வெளியே பார்க்க மலை மாதிரிதான். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மலை நகரும். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"மெஷின் வாங்கப் போறேன்," என்றாள்.

கிடங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. தகரக் கூரை. நீளவாக்கில் கட்டிய கட்டடம். வெயிலில் அடுப்பு, மழையில் மேளக் கச்சேரி. இரண்டு பக்கச் சுவரை ஒட்டியும் மூட்டை வரிசைகள். நட்ட நடுவில் பெரியவரின் கேபின். பிளைவுட்டும் கண்ணாடியும் வைத்து, நாலு பக்கமும் பார்க்கிற மாதிரி அவரே நின்று கட்டியது. அதன் பின்னால் ஒட்டினாற்போல் பழைய சாமான் அறை ஒன்று, கடைசிச் சுவர் வரைக்கும். உள்ளே ஓடாத மின்விசிறி, கால் உடைந்த மேசை, எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு பீப்பாய். கேபினுக்கு இந்தப் பக்கம் ஒரு பாதை, அந்தப் பக்கம் ஒரு பாதை. ஆள் மூட்டையோடு போகலாம், வரலாம். கிடங்கு நடுவில் ஒரு மனுஷன் இப்படி வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறாரே என்று யாரும் கேட்டதில்லை. முதலிலிருந்தே இருப்பதை யார் கேட்பார்கள்?

அந்தக் கேபினுக்குள், சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில், முதுகுக்குத் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். ஊசி வாசலில் நின்றே பேசினாள்.

"ஏம்மா, மெஷின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? பக்கத்துத் தெரு உரக் கிடங்குல ஒண்ணு நிக்குது, பாத்திருக்கியா? கோழி அடையுது அதுல. ரிப்பேர் பண்ண ஆள் இல்ல. மெஷினை வாங்கிட்டு அதுக்கு யாரு வேலைக்காரனா இருக்கிறது?"

"அது பராமரிக்காம விட்டது மாமா. மில்காரங்களே சொல்லியிருக்காங்க இல்ல, மூட்டைய வீசக் கூடாது, கொக்கி போடக் கூடாது, மரத்தட்டு மேலதான் அடுக்கணும்னு? அது ஆளால ஆகாது."

"தம்பி வந்துட்டா ஆகும்."

"அவரு தூக்க மாட்டாரு."

"அதை அவன் சொல்லட்டும்."

"அவருக்குச் சொல்ல வராது மாமா. அதனாலதான் நான் சொல்றேன்."

பெரியவர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்தவர், இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்தவர். தானும் ஒரு காலத்தில் மூட்டை சுமந்தவர் என்பதால், மூட்டை யாரையும் ஒன்றும் செய்யாது என்று நம்பினார். தன் முதுகு பிழைத்தது அதிர்ஷ்டம் என்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

"சரி. வாங்கறதுன்னா உங்க பங்குல வாங்கிக்கோங்க. அதுவும் வாங்குனா வண்டி மாதிரி வாங்கணும். டீசல் வண்டி, உட்கார்ந்து ஓட்டுறது. பாக்கிறவன் மதிக்கணும். அப்புறம் ஒண்ணு. மில்லோட முதல் லோடு மெஷின்ல இறங்கணும். இறங்கலைன்னா மெஷின் திரும்பிப் போகணும், தம்பி வேலைக்கு வரணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் ஊசி. "ஆனா எந்த மெஷின்னு நான்தான் பாப்பேன்."

சுமை தூக்குகிறவர்களில் மூத்தவருக்கு 'ஏணி' என்று பெயர். நின்ற இடத்திலிருந்தே மேல் வரிசைக்கு மூட்டை ஏற்றுகிற உயரம். மதியம் தேநீரில் பன்னை நனைத்துக்கொண்டே, யாரோ எதிரில் இல்லாதவரிடம் பேசுவதுபோல் பேசினார்.

"மெஷின் வருதாமே. நல்லது. நாங்கல்லாம் வீட்ல போய் படுத்துக்கறோம்."

"ஏணி அண்ணே, நேரா என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"நேரா சொல்றதுக்கு என்ன தங்கச்சி இருக்கு? நாலு பேரு வேலைய அது ஒண்ணு செஞ்சுடும்."

"செய்யட்டும். லாரிக்குள்ளேருந்து தட்டுல மூட்டை வச்சுத் தர ஆள் வேணும். மேல ஏத்துறது மட்டும் மெஷினு. உங்க மூட்டு இன்னும் எத்தனை மழைக்குத் தாங்கும்?"

ஏணி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். அனுப்பினா அன்னைக்கே இந்த ஊசியால என் வாயைத் தைச்சுக்குங்க."

"அது முடியாத காரியம்," என்றார் ஏணி. மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரே கடைக்குத் துணைக்கு வருவதாகச் சொன்னார்.

போவதற்கு முன்னால் அளவு எடுத்தார்கள். சர்க்கரை எல்லாம் போய், கிடங்கு துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்த நாள். ஊசி தன் சணல் உருண்டையைப் பிரித்துப் பிடித்தாள். சணலுக்குத் தெரியாத அளவு அவளுக்கும் தெரியாது. வாசல் உயரத்துக்கு ஒரு முடிச்சு. வீட்டில் படுத்தபடியே சின்னவர் சொல்லியனுப்பியிருந்தார், நிலைக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பி தொங்கும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி. அதற்கு ஒரு முடிச்சு. கேபின் சுவரிலிருந்து மூட்டை வரிசைக்காகத் தரையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு வரைக்கும் பாதையின் அகலம். அதற்கு ஒரு முடிச்சு.

கடையில் கண்ணாடிக் கதவு தானே திறந்தது. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனைக்காரர் ஓடி வந்தார். அவர்களைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தார்.

"சார் பின்னால வர்றாரா மேடம்?"

"சார் படுத்திருக்காரு. மெஷினைக் காட்டுங்க."

முதலில் டீசல் வண்டியைக் காட்டினார். மஞ்சள் நிறம், மெத்தை இருக்கை. பெரியவர் பார்த்திருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார். விற்பனைக்காரர் ஏறி உட்கார்ந்து, அட்டைப் பெட்டிகள் அடுக்கிய ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். இருக்கை குலுங்கியது. ஊசி அந்தக் குலுக்கலைத்தான் பார்த்தாள்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"காலிப் பெட்டி மேடம். டெமோ."

"நாங்க காத்தை அடுக்கறதில்லைங்க. அப்புறம், இந்தப் புகை எங்க போகும்? எங்களுது மாவு. நாளைக்கு ரொட்டி சுட்டா டீசல் வாசனை வரும்."

அடுத்தது கையால் பம்ப் அடித்து உயர்த்துகிறது. விலை குறைவு என்றார். ஏணியை அடிக்கச் சொன்னாள் ஊசி. ஏணி குனிந்து அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பாதி உயரம் போவதற்குள் நெற்றி வேர்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இது மூட்டை தூக்குறதைவிடக் கஷ்டம் தங்கச்சி."

மூன்றாவது, ஓரமாக நின்ற பேட்டரி ஸ்டாக்கர். இருக்கை கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களும் சத்தமில்லாமல் மேலே போகும்.

"இது சின்னது மேடம். உட்கார முடியாது. பெரும்பாலும் யாரும்..."

"நடந்துதான் ஓட்டணுமா?"

"ஆமா. அதுதான் இதுல ஒரு குறை."

அவர் குறை என்று சொன்னது ஊசியின் காதில் வரமாக விழுந்தது. நிற்கலாம், நடக்கலாம். படுக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கண்ணில் நீர் முட்டியது. விற்பனைக்காரர் விலையை நினைத்து அழுகிறாள் என்று எண்ணி, இரண்டு சர்வீஸ் இலவசம் என்றார். அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஆனால் காலிப் பெட்டியோடு விடவில்லை. பின்கட்டில் சிமெண்டு மூட்டைகள் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதை ஏற்றிக் காட்டச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றாள். ஏற்றிக் காட்டினார்கள். சணலைத் தரையில் நீட்டிப் பிடித்து, அந்த முடிச்சுகளுக்குள் திரும்பிக் காட்டச் சொன்னாள். திரும்பியது. நாலு விரல் மிச்சம் இருந்தது.

"நாலு விரல் போதுமா?" என்றார் ஏணி.

"போதும்ணே. தாராளம்."

மெஷினுக்குச் சின்னச் சக்கரங்கள். தரையில் குழி இருந்தால் மாட்டிக்கொள்ளும் என்று கடையில் சொல்லியனுப்பியிருந்தார்கள். வாரக் கடைசியில் ஊசியும் நாலு பேரும் சிமெண்டு குழைத்துக் குழி குழியாக அடைத்தார்கள். சின்னவர் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, நின்ற இடத்திலிருந்தே "அங்க ஒண்ணு, தூணுக்குப் பின்னால ஒண்ணு" என்று காட்டினார். அவர் கால் படாத குழி அந்தக் கிடங்கில் இல்லை. பெரியவர் கேபின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

மெஷினும் மரத்தட்டுகளும் வந்தன. ஏணி ஓட்டப் பழகினார். பிறகு மாவு லாரி வந்தது. வானம் இருட்டிக்கொண்டு நின்றது. லாரி டிரைவர் தார்ப்பாயை ஒரு பக்கம் மட்டும் திறந்துவிட்டு அவசரப்பட்டார்.

முதலில் எல்லாம் ஜோராக நடந்தது. லாரிக்குள் இரண்டு பேர் தட்டில் மூட்டை அடுக்கித் தந்தார்கள். ஏணி கைப்பிடியைப் பிடித்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தார். கோட்டை ஒட்டித் தட்டு, தட்டின் மேல் தட்டு. ஆள் எட்டாத உயரத்துக்கு மாவு ஏறியது. வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஊசிக்கு, வெகுநாள் கழித்து நெஞ்சு லேசாயிற்று.

கீழ்த் தட்டுகளின் மேல் பாரம் ஏற ஏற, அடி மூட்டைகள் பிதுங்கின. ஒவ்வொன்றும் சாப்பிட்டு முடித்த ஆள் மாதிரி வயிற்றை முன்னால் தள்ளியது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு சாண்.

ஏணி அடுத்த தட்டோடு உள்ளே போனார். திரும்பினார். மெஷினின் பின்பக்கம் கேபின் பிளைவுட்டில் முட்டியது. கொஞ்சம் முன்னால் வந்து மறுபடி திருப்பினார். இரும்புக் கரத்தின் முனை ஒரு வயிற்றில் குத்தியது. பர்ரென்று சத்தம். பின்னால் எடுத்தபோது இன்னொன்றும் கிழிந்தது. மாவு சரசரவென்று கொட்டி, ஏணி முழங்கால் வரைக்கும் வெள்ளையாக நின்றார்.

ஊசி அந்தக் கிழிசல்களையே பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூட்டை வயிற்றைத்தான் மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறாள். மூட்டைக்கு வயிறு உண்டு என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலிக் கிடங்கில், வெறும் கோட்டை அளந்துகொண்டு போயிருக்கிறாள். அவள் மட்டுமா? ஏணியும் அளந்தார், சின்னவரும் படுத்தபடி அளந்தார். மூட்டையிலேயே பிழைக்கிற மூன்று பேரும் மூட்டையை மறந்திருந்தார்கள்.

பெரியவர் கேபினை விட்டு வெளியே வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆச்சா? நான் சொன்னேன். பொம்பளப் பேச்சைக் கேட்டுட்டு நூல் புடிச்சு மெஷின் வாங்கினா இப்படித்தான் ஆகும். பாதி லோடு அப்படியே இருக்கு, மழை வேற வருது. டேய், தம்பிக்குச் சொல்லி அனுப்புங்கடா."

சொல்லி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. முதல் லோடு என்று சின்னவர் தானாகவே வந்து வாசலில் நின்றிருந்தார். கொட்டிக் கிடந்த மாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். லாரிப் பலகை அருகே போய், பழகிய இடத்தில் நின்று, முதுகைக் குனிந்து கொடுத்தார்.

"ஏத்துங்க ஏணி அண்ணே."

ஏணி அசையவில்லை. லாரிக்குள் மூட்டையைத் தூக்கிய இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"ஏத்துங்கடா!" என்றார் பெரியவர்.

ஊசி எழுந்து போனாள். லாரிக்கும் குனிந்த முதுகுக்கும் நடுவில் நின்றாள்.

"மூட்டையக் கீழ வைங்க."

"நகரு," என்றார் சின்னவர் தரையைப் பார்த்தபடி. "மாவு நனைஞ்சிடும்."

"நனையட்டும். நிமிருங்க."

"ஏய்..."

"நிமிருங்கன்னு சொன்னேன். அன்னைக்குச் சர்க்கரை நனையக் கூடாதுன்னு பிடிச்சீங்களே, அந்தச் சர்க்கரையா வந்து உங்களுக்குச் சோறு வச்சுச்சு? நான்தானே வச்சேன். மாவு நனைஞ்சா மில்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க விழுந்தா எனக்கு யாரு பதில் சொல்லுவா?"

சின்னவர் மெல்ல நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறவரைப் பார்த்து, லாரி டிரைவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊசி பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நான்தான் தப்பா அளந்தேன். எல்லாரும் கேட்டுக்கங்க, நான்தான். காலிக் கிடங்கை அளந்துட்டேன். தப்பு என் முடிச்சுல, மெஷின்ல இல்ல."

"இப்ப சொல்லி? திருப்பி அனுப்பு. பேச்சு பேச்சா இருக்கணும்."

"முதல் லோடு மெஷின்ல இறங்கணும்னுதானே பேச்சு? இன்னும் லோடு முடியலையே."

இடுப்பில் செருகியிருந்த சணலை உருவினாள். இந்தப் பக்க வரிசையின் வயிற்றிலிருந்து கேபினின் கண்ணாடி வரைக்கும் பிடித்தாள். பிறகு சணலை விட்டுவிட்டு, கேபினையே ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு பாதை. நடுவில் பிளைவுட்டு, கண்ணாடி, மின்விசிறி, ஓடாத சாமான்கள், ஒரு பீப்பாய்.

"ஏணி அண்ணே, ஸ்பேனர் எங்க?"

பெரியவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் விரலை நீட்டிக் கத்தினார்.

"கை வச்சுப் பாரு! அது என் ரூமு. நான் கட்டினது."

"உங்களுதுதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்தக் கிடங்குல பாதி அவருது. அந்தப் பாதி எதுன்னு இதுவரைக்கும் யாரும் கோடு போட்டதில்ல. முதுகு மட்டும்தான் அவரு பங்குன்னு வச்சுட்டீங்க. அந்தப் பங்கு தீந்துபோச்சு மாமா. இன்னைக்கு நான் கோடு போடுறேன்."

"டேய்! உன் பொண்டாட்டி பேசறதைக் கேட்டுட்டு நிக்கிறியா?"

சின்னவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அவர் வாழ்நாளில் அண்ணனுக்கு எதிராக ஒரு சொல் சொன்னதில்லை, அப்போதும் சொல்லவில்லை. மெதுவாக நடந்து கேபினுக்குள் போனார். சுழல் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். தூக்க வேண்டியதில்லை, தள்ளினால் போதும். உருட்டிக்கொண்டே வெளியே வந்து, மாவைச் சுற்றிக்கொண்டு, லாரியைத் தாண்டி, வாசலில் ஊசியின் கோணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணனின் துண்டு தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்து கிடந்தது. குனியக் கூடாது என்பது நினைவு வந்து, ஏணியை எடுத்துத் தரச் சொல்லி, அதை நாற்காலியின் முதுகில் ஒழுங்காக விரித்தார்.

"இங்க உட்காருங்கண்ணே," என்றார். "காத்து நல்லா வரும்."

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. திருகுகள் துருப்பிடித்துக் கிடந்தன. வராததை ஏணி காலால் உதைத்தார். உதைக்கும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்துக்கும் துருவுக்கும் சம்பந்தமில்லை. கண்ணாடிகளைப் பத்திரமாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். பீப்பாய் தானே உருண்டு வெளியே போயிற்று. இரண்டு குறுகல் பாதைகளும் ஒன்றாகி, கிடங்கு முதல்முறையாகக் கிடங்கு மாதிரி அகலமாகக் கிடந்தது.

தூறல் தகரத்தில் விழத் தொடங்கியபோது சின்னவர் மெஷின் அருகே போனார். ஏணி கைப்பிடியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். சின்னவர் முதலில் கொஞ்சம் தடுமாறினார். தட்டுக்குள் கரத்தை நுழைத்தார், பொத்தானை அழுத்தினார். மாவு மூட்டைகள் அவர் மார்பைத் தாண்டி, தலையைத் தாண்டி மேலே போயின. அவர் முதுகு நேராக இருந்தது. தூக்கிய பாரத்தைத் தலை நிமிர்ந்து அண்ணாந்து பார்ப்பது அவருக்குப் புதிது. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னங்க, இறக்கி வைங்க! லாரி காத்திருக்கு," என்று வாசலிலிருந்து கத்தினாள் ஊசி.

கிழிந்த இரண்டு மூட்டைகளையும் தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பெரியவர் நாற்காலியில் உட்காராமல் பக்கத்திலேயே நின்றார். வெளியே போகலாம் என்றால் மழை. உள்ளே போகலாம் என்றால் போய் உட்கார இடமில்லை. தட்டு ஒவ்வொன்றாக மேலே ஏறுவதையும், தம்பி அதன் பின்னால் நடப்பதையும் பார்த்தார். கால் வலித்தது போலும். கடைசியில் உட்கார்ந்தார்.

ஊசி கோணி ஊசியில் சணலைக் கோத்தாள். அளவுக்குப் போட்ட முடிச்சுகள் அதில் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். மூட்டை வயிற்றுக் கிழிசல் பெரிது, ஒற்றைக் கையால் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"மாமா, சும்மாதானே இருக்கீங்க. இந்த முனையக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க."

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் வேலை இருந்தது. குனிந்து பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தி," என்றாள் ஊசி.